கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்

தமிழ்நாட்டின் எந்த அரசுப் பள்ளி வகுப்பறையிலும் கடைசி பெஞ்சில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: விசிட். வட்டாரக் கல்வி அலுவலர் வந்திருக்கிறார், அல்லது அவருக்கும் மேலே உள்ள யாரோ. பெரும்பாலும் முந்தைய நாள் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் தகவல் கசிந்துவிடும். விட்டுப்போன பாடக்குறிப்புகள் இரவோடு இரவாக எழுதப்படும். மறுநாள் நடக்கும் பாடம் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்ட பாடம்தான். யார் கை தூக்க வேண்டும், யார் தலை குனிந்திருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். வாசிக்கத் திணறும் பையன் அன்றைக்கு லீவு போட்டால் நல்லது என்று ஆசிரியர் நினைப்பார். சில இடங்களில் அதை அவனிடம் சொல்லியும்விடுவார்கள். வந்திருக்கும் அலுவலரும் ஒருகாலத்தில் சாக்பீஸ் பிடித்தவர்தான், இந்த நாடகத்தில் நடித்தவர்தான். பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, பார்வைப் பதிவேட்டில் நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கிளம்புவார். அந்த ஒரு பீரியட் முழுக்க அந்த அறையில் யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். மாணவர், ஆசிரியர், அலுவலர் மூவருமே.

பள்ளிகளிலும் வேலையிடங்களிலும் கற்கும் பண்பாட்டை உருவாக்குவது பற்றி இப்போது மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பயிலரங்கு, பயிற்சிக் கையேடு, இணைய வகுப்பு, சான்றிதழ் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் ஓர் இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும் என்பது என் கட்சி. ஒருவர் வேலை செய்கிறார். இன்னொருவர் அதை உட்கார்ந்து பார்க்கிறார். அப்போது அங்கே என்ன நடக்கிறது?

பார்க்கப்படுவதைக் கண்டு ஆசிரியர்கள் அஞ்சுவதற்கு அவர்களுடைய சோம்பலைக் காரணம் சொல்வது எளிது. ஆனால் அந்த அச்சத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கைக்குப் பிறகு மாகாணந்தோறும் கல்வித் துறை ஏற்பட்டது. துறையோடு இன்ஸ்பெக்டரும் வந்தார். 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற அமைச்சர், பள்ளிகளுக்குக் கொடுக்கும் மானியத்தைப் பிள்ளைகளின் தேர்வு முடிவோடு சேர்த்துக் கட்டினார். அதே ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார், தேறியவர்களின் தலையை எண்ணி மானியம் கிடைக்கும். ஒரு பையன் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்தால் வாத்தியார் வீட்டில் உலை வைப்பதில் அது தெரியும். அந்த மானிய முறை போய் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் தன் சோற்றில் கைவைக்கக்கூடியவர் என்ற நினைப்பு தலைமுறை தலைமுறையாக அப்படியே கைமாறி வந்திருக்கிறது.

ஜப்பானில் அதே கடைசி பெஞ்சில் சக ஆசிரியர்கள் உட்கார்கிறார்கள். 'ஜுக்யோ கென்க்யூ' என்று பெயர்; பாடத்தை ஆராய்தல் என்று சொல்லலாம். மெய்ஜி காலத்திலிருந்து வருகிற பழக்கம். ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வார்கள். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வியோடு தொடங்குவது, அதற்குப் பிள்ளைகள் என்னென்ன தப்பான விடைகளைச் சொல்லக்கூடும், அந்தத் தப்புகளில் எதை முதலில் கரும்பலகைக்குக் கொண்டுவருவது என்று வாரக்கணக்கில் உட்கார்ந்து பேசுவார்கள். பிறகு ஒருவர் தன் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்துவார். மற்றவர்கள் சுவரோரமாக நின்று பிள்ளைகளைப் பார்ப்பார்கள். கவனியுங்கள், ஆசிரியரை அல்ல. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு யோசித்தது, எது பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தது என்று குறித்துக்கொள்வார்கள். அன்று மாலை மறுபடி கூடுவார்கள். பாடம் எல்லோரும் சேர்ந்து செய்தது. ஆகவே அது சரியாக வரவில்லையென்றால் நடத்தியவர் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை. திருத்திய பாடத்தை வேறொருவர் வேறொரு வகுப்பில் நடத்திப் பார்ப்பதும் உண்டு.

வெளியுலகம் இதைப் பரவலாக அறிந்தது 1999இல், ஜேம்ஸ் ஸ்டிக்லர், ஜேம்ஸ் ஹீபர்ட் இருவரும் எழுதிய புத்தகம் வழியாக. ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்கள் 231ஐ வீடியோவில் பதிவுசெய்து பார்த்த பிறகு எழுதியது அது. அந்த ஸ்டிக்லர் 1970களின் இறுதியில் ஆய்வு மாணவராக ஒரு ஜப்பானிய வகுப்பில் கண்டதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். நான்காம் வகுப்பு. கனசதுரத்தைத் தாளில் வரைய வேண்டும். ஒரு பையனுக்கு அது வரவேயில்லை. நம் ஊரில் யாரைக் கரும்பலகைக்குக் கூப்பிடுவார்கள்? நன்றாக வரைந்தவனை. அந்த ஆசிரியரோ வராத பையனைக் கூப்பிட்டார். அவன் வரைந்தான், கோணலாக வந்தது. சரியா என்று வகுப்பைக் கேட்டார். இல்லை என்றது வகுப்பு. மறுபடி வரைந்தான். மறுபடியும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்டிக்லருக்கு வியர்த்துக் கொட்டியதாம், பையன் அழுதுவிடப் போகிறான் என்று. அவன் அழவில்லை. பீரியட் முடிகிற நேரத்தில் கனசதுரம் வந்துவிட்டது. வகுப்பு கைதட்டியது, அவன் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

இந்தக் கதையைக் கேட்டு ஜப்பானியர்களின் மேன்மையைப் பாடுவதில் எனக்கு விருப்பமில்லை. அந்த நாட்டுப் பள்ளிகளில் சக மாணவர்களின் கொடுமையும் தேர்வு அழுத்தமும் எவ்வளவு என்பது உலகத்துக்கே தெரியும். என்னை உறுத்துவது வேறு. கரும்பலகையில் தப்பாக ஒன்றை எழுதினால் அது அசிங்கம் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஜப்பானியக் கணக்கு ஆசிரியர்கள் பாடம் முடியும்வரை பலகையை அழிப்பதில்லை; தப்பான வழியும் சரியான வழியும் பக்கத்தில் பக்கத்தில் கடைசிவரை நிற்கும். நம் வகுப்புகளில் தப்பு எழுதப்பட்ட மறுநொடி டஸ்டர் பாய்கிறது.

இதற்குள் யாராவது 'அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில்...' என்று ஆரம்பித்திருப்பார்கள். சரி, அங்கேயும் போய்வருவோம். ஏனென்றால் உலகக் கல்வி வரலாற்றில் சென்னையின் பெயர் ஏறியது அந்தத் திண்ணையால்தான்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் தொடங்கிய ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துக்கு மேற்பார்வையாளர் ஆனார். கம்பெனிப் பட்டாளத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இந்தியத் தாய்மார் வழியாகப் பிறந்த பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். ஒருநாள் வழியில் ஓர் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யுங்கள் என்று ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியருக்கு மனமில்லை, இதெல்லாம் நடக்காது என்றார். பெல் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். பையன் சொல்லிக்கொடுத்தான். பெல் ஊர் திரும்பி 1797இல் லண்டனில் இந்தப் பரிசோதனையைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயர் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பார்க்க வேண்டியது. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லித்தரும்போது சொல்பவனும் கற்கிறான். பெல் கண்டது அதுதான். இங்கிலாந்தின் கனவான்கள் கண்டது சிக்கனம். ஜோசப் லங்காஸ்டர் என்ற போட்டிக்காரர் ஒரே ஆசிரியரைக்கொண்டு ஆயிரம் பிள்ளைகளை நடத்தலாம் என்று கணக்குச் சொன்னார். பெரிய மண்டபங்களில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள், வரிசைக்கு ஒரு மானிட்டர், மணி அடித்தால் ஸ்லேட்டைத் தூக்கு, மணி அடித்தால் கீழே வை. ஆயிரக்கணக்கான பள்ளிகள் இப்படி எழுந்தன. ஃபிரிஸ்கன் சின்னப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். அந்த மானிட்டர்கள் வரிசையைக் காவல் காத்தார்கள்.

நம் திண்ணையிலும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளைக்கு இரண்டு முகம் உண்டு. எண்சுவடியையும் பொன்னிலக்கத்தையும் நெல்லிலக்கத்தையும் மூத்தவன் சொல்ல இளையவர்கள் திருப்பிச் சொல்லும்போது மூத்தவனுக்கு அது மூன்றாம் முறை பாடம். அதே மூத்தவன் கையில் பிரம்பு வந்தபோது அவன் சின்ன வாத்தியாராகி, தின்பண்டம் கொண்டுவராதவனைப் போட்டுக்கொடுத்தான். கோதண்டத்தில் கட்டித் தொங்கவிடுவதும் அதே திண்ணையில்தான் நடந்தது. பெரும்பாலான பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது. பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறார்கள்.

மணலில் எழுதிய குழந்தைகளின் ஊரில் இருநூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு பரிசோதனை நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதைக் கையிலெடுத்தார். மாநகராட்சி ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குப் போனார்கள். அங்கே ஓரறை கிராமப் பள்ளிகளில் பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து அட்டைகளை வைத்துத் தாமே கற்பதைப் பார்த்தார்கள். திரும்பிவந்து தங்கள் பாடங்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து அட்டைகள் தயாரித்தார்கள்; இது முயலுக்கு, இது யானைக்கு என்று சின்னம் போட்டார்கள்; ஒன்றன்மேல் ஒன்றாகக் கற்றல் ஏணி வரைந்து சுவரில் மாட்டினார்கள். ஒரு பிள்ளைக்குத் தான் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது யாரையும் கேட்காமலே தெரியும். காய்ச்சலில் பத்து நாள் வராத குழந்தை, விட்ட படியிலிருந்து தொடரலாம். குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப்பந்தலில் அவர்கள் வரைந்ததும் வெட்டி ஒட்டியதும் தொங்கின. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், ஆசிரியர் நாற்காலியைவிட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார்.

அந்த ஆரம்ப ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளைப் பார்த்தவர்கள், அங்கே பிள்ளைகள் வெளியாளைக் கண்டு எழுந்து நின்று வணக்கம் சொல்லி நடுங்காததை முதலில் குறிப்பிடுவார்கள். அவரவர் வேலையில் இருந்தார்கள். கடைசி பெஞ்சே இல்லாத வகுப்பில் விசிட்டுக்கு வந்தவர் எங்கே உட்காருவார்? அவரும் பாயில்தான் உட்கார வேண்டும்.

விரைவில் மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும், 2007-08இல் மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது போனது. அவ்வளவு வேகம் வேறெந்த மாநிலத்திலும் நடந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த வேகத்தில்தான் கோளாறு. 13 பள்ளிகளின் ஆசிரியர்கள் தங்களுக்குள் சண்டை போட்டு, கிழித்துப்போட்டு, மறுபடி எழுதிய அட்டைகள் அவை. மற்றவர்களுக்கு அவை பெட்டியில் வந்திறங்கின. தங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் பொருந்தாத அட்டையை மாற்றலாமா என்று ஓர் ஆசிரியர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஏணியில் பிள்ளைகள் ஏறினார்களா என்று பார்க்க மேலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகப் பிள்ளைகள் காகிதத்தில் ஏறினார்கள். 'புள்ளைங்க தரையில உக்காந்து வெளையாடுதுங்க, வாத்தியார் சும்மா இருக்காரு' என்று பெற்றோர் பக்கத்துத் தனியார் பள்ளியின் டையையும் ஷூவையும் பார்த்தார்கள். பின்னாளில் முறை எளிமையாக்கப்பட்டது, மாற்றப்பட்டது. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. திட்டத்தின் பெயர் மாறும்போதெல்லாம் ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போகிறார்கள். குறுவள மையத்தில் உட்கார்ந்து, மேலே பயிற்சி பெற்றவர் கீழே சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டு வருகிறார்கள். அடுத்தவர் பாடம் நடத்துவதைப் பார்க்கிற வாய்ப்பு மட்டும் எந்தத் திட்டத்திலும் வருவதில்லை.

செயல்வழிக் கற்றல் தோற்றது என்று தீர்ப்பெழுத நான் தயாரில்லை. அது அந்த 13 பள்ளிகளில் ஒரு பண்பாடாக இருந்தது, 37,000 பள்ளிகளில் சாமான்களாகப் போய்ச் சேர்ந்தது.

தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். அதை மிகத் தெளிவாகக் காட்டிய ஊர் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட். அங்கே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. வேலைக்கு வராதவர்கள், குடித்துவிட்டு வருகிறவர்கள், கோபத்தில் காரின் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடுகிறவர்கள் என்று கம்பெனியிலேயே கெட்ட பெயரெடுத்த ஆலை. அங்கே ஒரு சட்டம் இருந்தது: என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. ஸ்டியரிங் கோணலாக மாட்டப்பட்டாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1982இல் ஆலையை மூடினார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தில் நம்மி என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அதே பழைய தொழிலாளிகளை, அதே தொழிற்சங்கம். அவர்களில் பலரைக் குழுக் குழுவாக ஜப்பானில் உள்ள டகாவோகா ஆலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கு மேலேயும் ஒரு கயிறு ஓடியது. வேலையில் ஏதாவது பிசகினால் இழுக்கலாம். இழுத்தால் மணி அடிக்கும், குழுத் தலைவர் ஓடிவருவார். வந்து திட்ட மாட்டார். என்ன பிரச்சினை, எப்படிச் சரிசெய்யலாம் என்று கேட்பார். நேரத்துக்குள் சரியாகவில்லையென்றால் லைன் நிற்கும்.

அமெரிக்காவிலிருந்து போனவர்களில் சிலருக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது என்று பின்னாளில் அவர்களே சொன்னார்கள். அத்தனை வருஷ வேலையில் அவர்களிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. சில ஆண்டுகளில் ஃப்ரீமான்ட் ஆலையின் கார்கள் தரத்தில் ஜப்பானியக் கார்களுக்கு இணையாக வந்தன. அதே ஆட்கள், அதே கட்டடம். ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தன் மற்ற ஆலைகளிலும் செய்யப் பார்த்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலையிலும் கயிறு கட்டினார்கள். ஆனால் மேலாளர்களின் வருமானம் இன்னமும் எத்தனை கார் வெளியே போகிறது என்பதையே பொறுத்திருந்தது. கயிற்றை இழுத்தவனை முறைத்தார்கள். இழுப்பது நின்றுபோனது. 1992இல் அந்த ஆலையும் மூடப்பட்டது. பெட்டியில் வந்திறங்கிய செயல்வழிக் கற்றல் அட்டைகளின் நினைவு உங்களுக்கு வரவில்லையா?

ஜப்பானியர்களுக்குத் தரம் கற்பித்த ஆசான்களில் ஒருவராகச் சொல்லப்படும் எட்வர்ட்ஸ் டெமிங் ஓர் அமெரிக்கப் புள்ளியியல்காரர். 1950இல் ஜப்பானில் அவர் ஆற்றிய உரைகளுக்குப் பிறகு அடுத்த ஆண்டே அவர் பெயரில் பரிசு ஏற்படுத்தினார்கள். அவர் நிர்வாகிகளுக்குச் சொன்ன 14 அறிவுரைகளில் எட்டாவது, வேலையிடத்திலிருந்து அச்சத்தை விரட்டுவது. சுவரில் எழுதும் முழக்கங்களையும் ஆளுக்கு ஆள் மதிப்பெண் போடும் ஆண்டு மதிப்பீட்டையும் ஒழிக்கச் சொன்னவரும் அவரே. 1998இல் நம் சுந்தரம் கிளேட்டன் அந்தப் பரிசை வாங்கியபோது இந்தியாவில் அதை வாங்கிய முதல் நிறுவனம் அதுதான். 2002இல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் எத்தனையோ கம்பெனிகள் அந்த வழியில் தரவட்டம் தொடங்கின. சிலவற்றில் அது உயிரோடு இருக்கிறது. பலவற்றில் ஆண்டுக்கொரு முறை கேடயம் வாங்கி போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி. டெமிங்கின் படம் மாட்டிய அறையிலேயே அப்ரைசல் நடக்கிறது. ஐ.டி. கம்பெனிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி என்று கணக்கு, அதற்காக வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு ஜன்னலில் வேலையைப் பார்க்கும் பிள்ளைகள். கேள்விகளுக்கு விடைகள் நண்பர்கள் குழுவில் ஏற்கெனவே கிடைக்கும். தமிழ்நாட்டுப் பள்ளியில் பெற்ற சிறந்த பயிற்சியை அவர்கள் மறக்கவில்லை.

வேலையிடத்தில் உண்மையான பாடம் எங்கே நடக்கிறது என்பதை ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தில் கண்டெடுத்தார். 1980களில் ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளோடு ஊர் ஊராகச் சுற்றினார். கம்பெனி அவர்களுக்குத் தடித்தடியாகக் கையேடு கொடுத்திருந்தது: இந்தப் பிழை எண் காட்டினால் இந்தப் பாகத்தை மாற்று. ஆனால் மெஷின்கள் பொய் சொல்லும். காட்டுகிற எண் ஒரு பாகத்தைச் சுட்டும், கோளாறு வேறெங்கோ ஒளிந்திருக்கும். அப்போது இரண்டு மெக்கானிக்குகள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, இதுபோல முன்பு எங்கே பார்த்தோம் என்று ஒருவருக்கொருவர் கதை சொல்லிக் கதை சொல்லியே கோளாறைப் பிடித்தார்கள். அந்தக் கதைகள் காலைச் சிற்றுண்டிக் கடையில் மற்றவர்களுக்கும் போயின. கணக்குப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது வெட்டி அரட்டை. ஆர் 1996இல் புத்தகம் எழுதினார். அந்தச் சின்னச் சின்ன உபாயங்களை மெக்கானிக்குகளே எழுதிச் சேர்க்கும் ஒரு தொகுப்பைப் பிற்பாடு நிறுவனமே உருவாக்கியது. நம் தொழிற்பேட்டைகளின் டீக்கடைகளில் பதினோரு மணிக்கு நின்றால் இதே கதைகளைக் கேட்கலாம். டீக்கு வெளியே போகத் தடை, உள்ளேயே மெஷினில் குடித்துக்கொள் என்று சொல்லும் மேனேஜர்கள் எதை மிச்சப்படுத்துகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

அச்சத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை எண்ணிப் பார்த்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அவற்றில்தான் அதிகம் பதிவாகியிருந்தது. மற்ற பிரிவுகளில் தவறுகளை மறைத்தார்கள், அவ்வளவுதான். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டும் பள்ளிகளைக் கடக்கும்போதெல்லாம் இந்த ஆய்வு என் நினைவுக்கு வரும்.

பட்டறைகளில் மட்டும் பார்த்துக் கற்பது இன்னும் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது. பையன் ஸ்பேனர் எடுத்துக்கொடுப்பான், டீ வாங்கிவருவான், மேஸ்திரியின் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் நுணுக்கமான கட்டம் வரும்போது 'போய் ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா' என்று அனுப்பிவிடும் மேஸ்திரிகளையும் நமக்குத் தெரியும். முழுசாகக் கற்றவன் எதிர்ப்புறமே கடை போட்டுவிடுவான் என்ற பயம் அவருக்கு. நியாயமான பயம்தான். 1961இன் தொழில் பழகுநர் சட்டம் இதை மாற்றியிருக்க வேண்டும். ஆனால் அப்ரன்டிஸ் என்றாலே குறைந்த கூலிக்கு நிறைய வேலை என்று ஆகிவிட்ட கம்பெனிகள் ஏராளம்.

பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் சமமாக இருந்த ஒரு காலம் இந்த மாநிலத்தில் வந்துபோயிருக்கிறது. வகுப்பறையிலும் ஆலையிலும் அல்ல, புதுக்கோட்டையின் பொட்டல் வெளிகளில். 1991இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தது அந்த இயக்கத்தின் தனித்தன்மை. கல்குவாரியில் சல்லி உடைத்த பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பார் இருப்பது வசதி, பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள் என்று அங்கே போய்வந்த பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

சைக்கிளை மறைவாகக் கற்க முடியாது. ஊர் நடுவில், ஆண்கள் கேலி பேசும் டீக்கடைக்கு எதிரில்தான் விழ வேண்டும். சேலை செயினில் மாட்டும், முட்டி சிராயும், பின்னால் பிடித்து ஓடிவந்தவள் கையை விட்டுவிட்டது தெரியாமல் நாலு கஜம் போய்த் திரும்பிப் பார்த்து விழுவாள். எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள், அடுத்தவள் ஏறினாள். போன மாதம் கற்றவள் இந்த மாதம் வேறொருத்திக்குப் பின்னால் ஓடினாள். பயிற்சியாளர்களில் பலர் அப்படிப் புதிதாகக் கற்றவர்கள்தான், ஊதியம் ஏதுமில்லை. தலைமைச் செயலகம் அச்சிட்ட கையேடு எதுவும் அங்கே இல்லை. கற்றதன் பயன் அன்றைக்கே கையில் கிடைத்தது: பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், அண்ணனையோ கணவனையோ கேட்க வேண்டாம், தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டலாம். பள்ளியில் பத்தாண்டு படித்தும் எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் இருக்கும் பிள்ளைகளையும், இந்தப் பயிற்சியால் தன் வேலையில் என்ன மாறும் என்று தெரியாமல் கையெழுத்துப் போடும் ஊழியர்களையும் நினைத்துப் பாருங்கள்.

இந்த உதாரணங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் வந்திருக்கும் முடிவு சிறியது. பண்பாடு மேலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் ஆணையாக அல்ல. மேலே இருப்பவர் முதலில் தன் வேலையைப் பிறர் பார்க்கக் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியர் பாடம் நடத்தட்டும், இளைய ஆசிரியர்கள் பின்னால் உட்காரட்டும். வட்டாரக் கல்வி அலுவலர் ஒரு மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு சொல்லித்தரட்டும், அந்தக் குறுவள மையத்து ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கட்டும். கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் பிள்ளைகள் அவரையும் திணறடிப்பார்கள். அதற்குப் பிறகு அவருடைய விசிட் வேறு மாதிரி இருக்கும். ஆலையில் மேனேஜர் தன் தவறான மதிப்பீடு ஒன்றை மாதாந்திரக் கூட்டத்தில் முதலில் எடுத்துவைக்கட்டும்.

நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, மறுக்கவில்லை. நம் தொடக்கப் பள்ளிகளில் ஏராளமானவை ஈராசிரியர் பள்ளிகள். ஒருவர் இன்னொருவரைப் பார்க்கப் போனால் மற்ற வகுப்புகளை யார் பார்ப்பது? எமிஸ் இணையதளப் பதிவு, விலையில்லாப் பொருள், ஆதார், வங்கிக் கணக்கு என்று ஆயிரம் வேலை. பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிகள் இரண்டு சேர்ந்துகொண்டால், மாதத்தில் ஒரு மதியம் பிள்ளைகளை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் முடியாத காரியமில்லை. இதற்கு அரசாணை கேட்காதீர்கள். ஆணை வந்தால் கூடவே ஒரு பதிவேடும் வரும்.

இந்த இதழை வாசிப்பவர்களில் ஆசிரியர்கள் கணிசமானவர்கள், தொழிற்சாலைக்காரர்களும் இருக்கிறீர்கள். உங்களில் யாராவது இதைச் செய்து பார்த்தால் எழுதுங்கள். சொதப்பிய பாடங்களைப் பற்றி எழுதுங்கள். வெற்றிக் கதைகள் போதுமான அளவுக்கு ஏற்கெனவே அச்சாகிவிட்டன.